மேல் அம்பு

பீல் நகரம், ரயிலடி ஹோட்டல்.
இரவு இரண்டரை. சாவி கேட்க ஆளில்லை.
திரையில் எண்கட்டைகள்:
இரண்டும் இரண்டும் நாலு, நாலும் நாலும் எட்டு.

பெரியதை இடது கீழ்மூலையில் இருத்து,
பேந்து அசைக்காதே.
மேல் அம்பை மறந்தும் தொடாதே.
மறப்பேன் என்றுதான்
அந்த விசையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தேன்.

ஆயிரத்து இருபத்துநாலு, இரண்டு,
ஒட்டி ஒட்டி நிற்கின்றன.
இன்னும் ஒரே தள்ளு.

மணி அடித்தது.
நனைந்த பெட்டியோடு ஒருவர்;
பெயர், ஏப்லி.
பட்டியலின் உச்சியில் இருந்தார்.
மேலே போகவேண்டும்.
பிளாஸ்டரை உரித்தேன்.

அறை பதினொன்று. காலை உணவு ஏழுக்கு.
லிஃப்ட் மூடியதும் ஓடிவந்தேன்.
விரல் இன்னும் பட்டியலிலேயே இருந்திருக்கிறது:
மேலே அமத்திவிட்டது.

மூலையில் ஒரு இரண்டு
வந்து குந்தியிருக்கிறது,
முன்பதிவு இல்லாமல்.