முக்கால் சுற்று

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே
கன்னடியன் கால்வாய் பாயும் வயலில்
பாதி அறுத்த நிலையில்
இருமி இருமி நின்றுபோனது மிஷின்.

டீசல் ஏறவில்லை. பில்டர் அடைத்திருக்கும்.
கழற்றி மாட்டக் கால் மணி நேரம் என்று
போனிலேயே சொல்லிவிட்டேன்.
வாய் சும்மா இருந்திருக்கலாம்.

கையால் திருகினேன். அசையவில்லை.
சாக்கைச் சுற்றித் திருகினேன்.
தோளில் ஒரு நரம்பு
அசைந்ததுதான் மிச்சம்.

வரப்பில் பையைக் கவிழ்த்தேன்.

பட்டை ஸ்பானர் நல்ல பிள்ளை,
தகரத்தை நசுக்காது.
எண்ணெய் பட்டால் மட்டும்
வழுக்கிவிட்டுச் சிரிக்கும்.
உப்புத்தாளைக் கிழித்து இடையில் கொடுத்தேன்.
அரை மூச்சு பிடித்தது,
பிறகு உப்புத்தாளையும் கூட்டிக்கொண்டு வழுக்கியது.

செயின் ஸ்பானர் பிடித்தால் முதலை.
ஆனால் கைப்பிடி ஒன்றரைச் சாண்.
இங்கே இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒரு கை நுழையும், அவ்வளவு.
வீச இடமில்லாத பலம்
பலத்தில் சேர்த்தியா?

கப்பு, வண்ணார்பேட்டையில் வாங்கியது.
எல்லாத்துக்கும் சேரும் என்று
கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.
கப்புக்குள் பதினான்கு பட்டை.
பில்டரை விரல் வைத்து எண்ணினேன்:
பதினைந்து.
இன்னொரு முறை எண்ணினேன்,
பதினைந்தேதான்.

"ஸ்க்ரூடிரைவர வச்சு ஒரே குத்து,
ஓட்டையில கோத்துத் திருகுங்க"
என்றார் செங்கோடன், டிரைவர், ஆத்தூர்க்காரர்.
குத்தினால் தகரம் சுருள்சுருளாய்க் கிழியும்.
அடித்தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.
அப்புறம் உளி, சுத்தியல்,
ராத்திரி, டார்ச் லைட்.
கடைசி வழி கடைசியிலேயே இருக்கட்டும் என்றேன்.

வயல்காரர் உச்சிமாகாளி
மலையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.
மேகம் ஒரு முழம் ஏறியிருக்கிறது.
"ஏம்மா ஆவுட, மழ வந்து நெல்லு சாஞ்சா
நீயா வந்து பொறுக்குவ?"

எனக்குச் சுர்ரென்று வந்தது.
"எந்தக் கூறுகெட்ட பய இத
இந்த இறுக்கு இறுக்குனான்?
ரப்பர் தொட்டப்பொறம் முக்கா சுத்து,
வெறுங்கையே போதும்.
அதுகூடவா தெரியாது?"

செங்கோடன் தண்ணீர் குடிக்கப் போனார்.

மிச்சம் மூன்று கால் நண்டு.
திருகத் திருக உள்ளே இறுகும் சாதி.
ராட்செட்டில் மாட்டினால்
நாலு விரல் இடம் போதும்.
கால்கள் பற்ற வேண்டுமே என்று
உமியும் டீசலும் அப்பிய தகரத்தைச்
சட்டை நுனியால் துடைத்தேன்.

தேதி தெரிந்தது.
வெள்ளைப் பெயின்ட் பேனா.
ஏழுக்குக் குறுக்கே கோடு கிழிப்பது
இந்தச் சுற்று வட்டாரத்தில்
நான் ஒருத்திதான்.

போன கார் அறுப்பு.
அன்று காலையில் குடும்பக் கோர்ட்.
பதினோரு வருஷத்தைப்
பத்து நிமிஷத்தில் வாசித்து முடித்தார்கள்.
மதியம் இதே மிஷின், வேறு வயல்.
எந்த ஸ்பானரைப் போட்டு இறுக்கினேன்?
நினைவில்லை.
பக்கத்தில் செங்கோடன் நின்றது
நினைவிருக்கிறது.
போதும்மா, போதும்மா என்றதும்.

நண்டின் கால்கள் தகரத்தில் பதிந்தன.
உடம்பை வண்டியில் சாய்த்து
மூச்சை விட்டபடி இழுத்தேன்.
சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம்.
முழங்கைவரை வழிந்தது பழைய டீசல்.

புதுசின் ரப்பரில் டீசல் தடவி
வெறுங்கையால் ஏற்றினேன்.
தொட்டது.
கால். அரை. முக்கால்.
கை இன்னும் கொஞ்சம் கேட்டது,
எடுத்துவிட்டேன்.

செங்கோடன் பம்பை அமுக்கிக் காற்றெடுத்தார்.
கறுப்பாய் ஒரு புகை, பிறகு வெள்ளை,
பிறகு மிஷின் நெல்லுக்குள் இறங்கியது.

"யாரு அப்பிடி இறுக்குனதாம்?"
ரூபாயை எண்ணிக்கொண்டே கேட்டார் உச்சிமாகாளி.
"போன தடவ வந்த மெக்கானிக்கு" என்றேன்.
நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஏனென்று அவர் கேட்கவில்லை,
மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வரப்பில் உட்கார்ந்து
அந்தப் பதினான்கு பட்டைக் கப்பைத் துடைத்தேன்.
வண்ணார்பேட்டைக்காரர் திருப்பி எடுப்பாரா,
பில் எங்கே வைத்தேன்.