எடையறை

இந்த அறைக்கு இரண்டு கதவுகள்.
ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும்.
ஜிலினாவின் பனிமூட்டம் முதல் கதவோடு நின்றுவிடும்,
என் கம்பளிச் சட்டையும்.

உள்ளே, கண்ணாடிக் கூண்டில் தராசு.
சந்தேகப் பிராணி.
மூச்சு விட்டால் எண் மாறும்.
தெருவில் பால் லாரி போனால் மாறும்.
ஒருமுறை நான் தும்மியதற்குப்
பத்து நிமிடம் முகம் கொடுக்கவில்லை.

சுவருக்கு அப்பால் த்ரஹோமீர்
இல்லாத காரை ஓட்டுகிறான்.
ஒரு வார்ப்பிரும்புத் தட்டு, இரண்டு கட்டைகள்,
மூடிய எஃகுப் பெட்டிக்குள் ஊதும் காற்று.
நாலரை மணி நேரத்தில்
முந்நூற்று மூன்று முறை பிரேக்.
ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இரும்பு உதிர்ந்து,
கொஞ்சம் செம்பு, கருகிய பிசின்,
குழாய்வழி மிதந்து வந்து
என் வெள்ளை வட்டத்தில் படியும்.
முன்பு ஓர் எடை, பின்பு ஓர் எடை.
கழித்து எழுதுவது என் சம்பளம்.

இந்த நிறுத்தங்கள் யாருடைய கற்பனையும் அல்ல.
எங்கெங்கோ நிஜத் தெருக்களில்
நிஜ மனிதர்கள் மிதித்தவை.
வேகம் பதிவாகியிருக்கிறது, விநாடியும்.
எதற்காக மிதித்தார்கள் என்பது மட்டும் இல்லை.

நூற்றுப் பதினான்காவது எனக்குப் பழக்கம்.
திடீரென்று சுருதி ஏறி அடங்கும்.
பந்தின் பின்னால் ஓடிவந்த பையன்
என்று வைத்திருக்கிறேன்.
சிக்னல், வேறென்ன, என்பான் த்ரஹோமீர்.
சற்றுப் பொறுத்து: புறாவாகவும் இருக்கலாம்.

இன்று ஃபில்டர்
போனதைவிட லேசாகத் திரும்பி வந்தது.
மைனஸ் நாலு மைக்ரோகிராம்.
முந்நூற்று மூன்று முறை தேய்ந்தும்
காற்றுக்கு ஒன்றும் தராமல்
மீதிச் சில்லறை வேறு கேட்கிறது.
இடுக்கி ஓர் இழையைக் கிள்ளியிருக்கும்.
படிவத்தில் எழுதினேன்: செல்லாது.

நாளை முதலிலிருந்து.
பையன் மறுபடி ஓடிவர வேண்டும்.
மறுபடி மயிரிழையில்.

வீட்டுக்குப் போகையில், வாஹ் பாலத்து இறக்கத்தில்,
பஸ் உலுக்கி நின்றது.
எல்லோரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தோம்.
யாருடைய பையிலிருந்தோ ஒரு வெங்காயம்
ஓட்டுநர்வரை உருண்டது.
கண்ணாடிக்கு வெளியே பனி, பனிதான்.
எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

நான் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன்,
எண் நிலைக்கட்டும் என்று.