திண்டு, இரண்டு யூரோ

நான் நாடகம் பார்ப்பவள் இல்லை.
திண்டு வாடகைக்கு விடுகிறவள்.
கடைசிப் படிக்கும் மேலே, பைன் மரத்தடியில் என் மேசை.
கல்லில் மூன்று மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கு
இரண்டு யூரோ. திருப்பித் தந்தால் ஒன்று கையில்.

பத்தொன்பது கோடை.
சில்வண்டு ஓயும் நேரமும்
அரசனுக்கு உண்மை உறைக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.
முதுகுகளைப் பார்த்தே சொல்வேன்
கதை எங்கே வந்திருக்கிறதென்று.
கொலை உள்ளேதான் நடக்கும். கதவு சாத்தியிருக்கும்.
தூதன் ஓடிவந்து வாயைத் திறக்க
ஐயாயிரம் முதுகும் ஒரு விரற்கடை முன்னால் சாயும்.

அந்தக் காலத்து ஏதென்ஸில் வேறு மாதிரி என்பார்
டிக்கெட் கிழிக்கும் திராசிவூலோஸ்.
வசந்தத்தில், விடியலிலேயே வந்துவிடுவார்களாம்,
மடியில் ஒலிவக்காயும் வெங்காயமும்.
எடுத்த எடுப்பில் நாடகம் இல்லை.
அடங்கிய ஊர்கள் கட்டிய கப்பவெள்ளியைக்
கொண்டுவந்து நடுவில் காட்டுவார்கள்.
பிறகு போரில் தகப்பனை இழந்த பையன்கள்
ஊர்ச்செலவில் வாங்கிய புதுக் கவசத்தோடு நடப்பார்கள்.
ஆரவாரம்.
அதற்கப்புறம்தான் முகமூடிகள்.

போன மாதம் ஒரு தீவை எரிக்கக் கை தூக்கியவன்
நாலாம் வரிசையில் இருப்பான்.
எரிந்த ஊரின் பெண்களாக வந்து
ஒப்பாரி வைக்கும் பதினைந்து ஆண்களில் ஒருவன்
அவனுடைய மைத்துனன், தோல் பதனிடுகிறவன்.
அழுதானா, என்று கேட்டேன்.
"எவனைக் கேட்கிறாய்?
நடித்தவனையா, பார்த்தவனையா?"
அவருக்கும் தெரியாது.

என் கதை மிகச் சின்னது.
நாற்பத்து மூன்று ஒலிவ மரம்.
அப்பா வாயால் சொன்னது எனக்கு,
காகிதத்தில் இருந்தது அண்ணன் ஸாக்கரியாஸுக்கு.
இரண்டு பக்கமும் நியாயம். அதுதான் வினை.
பதினோரு வருடம் பேச்சில்லை.
அம்மாவின் பெட்டிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன்.

போன ஆகஸ்டில் வந்தான்.
நாணயத்தை மேசையில் வைத்தான்; முகம் பார்க்கவில்லை.
நானும் திண்டின் எண்ணைத்தான் பார்த்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
அன்றைய நாடகத்தில் ஒரே ரத்தம் இரண்டு,
ஆளுக்கொரு நீதி.
முடிவு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.
இருந்தும் அன்றைக்கு நான்
முதுகுகளை விட்டு ஒரு முதுகைப் பார்த்தேன்.
தூதன் வந்தான். எல்லாரும் முன்னே சாய்ந்தார்கள்.
அவன் மட்டும் பின்னால் சாய்ந்தான்,
யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல.

விளக்கணைந்தது. திண்டுகள் வந்தன,
உட்கார்ந்த சூடு ஆறாமல்.
தூங்கி எழுந்த ஜெர்மன்காரர் ஒருவர்
பிரமாதம் என்றார்.
எண்ணினேன். ஒன்று குறைந்தது.
ஒப்பந்தக்காரருக்கு ஆறு யூரோ
என் கையிலிருந்து கட்டினேன்.

அவன் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில்,
நீலத் திண்டு ஒன்று கிடப்பதாக
மீன் வண்டிக்காரி சொல்கிறாள்.
இந்தக் கோடையின் முதல் நாடகத்துக்கு
இன்னும் ஒன்பது நாள்.
போய்க் கேட்கலாம்.
ஆறு யூரோவுக்காகத்தான் வந்தேன் என்று
சொல்லிக்கொள்ளலாம்.