உதட்டுக்கு ஒன்றே

மேடையில் அவளுக்குப் பதினோரு நிமிடம்.
மூன்றாம் அங்கம், புருஷனுக்கு எதிரே நின்றபடி.
கோபன்ஹேகன் அந்தப் பேச்சுக்காகவே டிக்கெட் வாங்கியது.
படமெடுத்தபோது
ஓர் அட்டையில் ஐந்தே சொல்லாக்கினார்கள்:
"நான் போகிறேன். கதவைத் தாழிடாதே, ஹோல்கர்."

'ஆறாவது நாற்காலி' இன்று இல்லை.
ஏழு பிரதிகளில் ஒன்று எரிந்தது.
ரீகாவுக்கு அனுப்பியதில் ரசீது மட்டும் திரும்பியது.
மீதியை வெள்ளிக்காகக் கரைத்தார்கள்;
ராக்னில்ட் உஸ்ட்ரூப்பின் கன்னம்
யார் வீட்டு முள்கரண்டியிலோ
இன்னும் கழுவிக் கவிழ்க்கப்படுகிறது.

கிடைத்திருப்பது ஒரு கணக்கு நோட்டு.
ஃப்ரெடெரிசியாவில் தையல்கடை வைத்திருந்த டூரா மோல்கோர்,
ஆறு வயதுக் காய்ச்சலில் காது போனவள்,
காலர் மூன்று, பொத்தான்துளை பதினாறு என்பதற்குக் கீழே
பென்சிலில் எழுதியிருக்கிறாள்
அன்றிரவு திரையில் அவர்கள் பேசியதை.

பாதிரியார், ஆசீர்வதிக்கும்போது:
"சீக்கிரம், மீசைப் பசை உருகுது."
இழவு வீட்டில் மைத்துனன் அவள் தோளைத் தொட்டு:
"வெங்காயம் தின்னியா?"
ராக்னில்ட், கண்ணீர் வழிய: "நீதான் தின்னே."
கொட்டகையே மூக்கைச் சிந்த
நான்காம் வரிசையில் நாங்கள் ஐந்து பேர் மட்டும்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்,
காவலாள் விளக்கோடு வந்து முறைத்தான்
என்று இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு கால்சட்டை அளவு.

பிறகு மூன்றாம் அங்கம்.
சிரிக்கத் தயாராக இருந்தோம், என்கிறாள்.
அட்டை வந்தது, போனது.
போன பிறகும் அவள் வாய் ஓயவில்லை.
கைப்பிடி சுற்றுகிற ஒருவனுக்கு முன்னால்
வெட்டிய பேச்சை
வெட்டிய இடத்திலிருந்தே தொடங்கியிருக்கிறாள்.
"வீட்டில் ஆறு பேர். நாற்காலியும் ஆறு.
ஆறாவதில் உன் கோட்டு உட்காரும்.
பதினான்கு வருஷம் நான் நின்றே பரிமாறினேன்."
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
மடியில் வைத்து எழுதிய வரிகள்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.
சில இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது.

கதவருகே திரும்பி ஒரு கடைசிச் சொல்.
பகரமும் மகரமும் உதட்டுக்கு ஒன்றே.
அவர்கள் மொழியில் அது வேறு ஜோடி;
நம் மொழியில் சொல்வதானால்
மறப்பேன் என்றிருக்கலாம்.
பறப்பேன் என்றும்.
டூரா இரண்டையும் எழுதி, ஒன்றை அடித்து,
அடித்ததன் கீழே புள்ளிகள் வைத்து
மீட்டிருக்கிறாள்.

அச்சான நாடகத்தைத் தேடிப் பார்த்தேன்.
இரண்டு சொல்லுமே அதில் இல்லை.

நோட்டில் அடுத்த வரி:
பாவாடை ஓரம், இரண்டு க்ரோன், பாக்கி.