உகா

பொத்துவில்லுக்குத் தெற்கே, மணல்மேட்டின் பின்பக்கம்
பதினொரு உகா மரங்கள்.
மரம் என்பது மரியாதைக்கு.
உப்புக்காற்றில் ஒருபக்கம் சாய்ந்த
இடுப்புயரப் புதர்கள்.

மிஸ்வாக்குக்கு நான் வெட்டுவது அங்கேதான்.
சுண்டுவிரல் மொத்தம், ஒரு சாண் நீளம்,
பத்துப் பத்தாக ரப்பர்பட்டி போட்டுவைத்தால்
ஜும்ஆ முடியமுதல் விற்றுப்போகும்.
நோன்பு மாதம் என்றால் கத்திக்கு ஓய்வில்லை.

இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னவள்
ஒலுவில் கெம்பஸில் படிக்கிற பஸ்மியா.
அடிப்புறம் முழுக்க முட்டை.
முப்பத்தொன்று என்று கொப்பியில் எழுதினாள்.
அந்தக் கிளையை நான் விட்டுவிட்டேன்.
விட்டதை அவள் எழுதவில்லை.

பிறகு புழுக்கள், இலையின் அதே பச்சையில்,
ஒரே சஹனைச் சுற்றிக் குந்தியவர்கள்போல
விளிம்பிலிருந்து உள்ளே தின்றுகொண்டு.
பிறகு கூடு.
கிணற்றுக்குள் இறங்குகிறவன்
இடுப்பில் கட்டுகிற கயிறு மாதிரி
ஒற்றை நூல், அவ்வளவுதான் பிடிமானம்.
ஒருநாள் வெயில் ஏறியதும்
வெளியே வந்து தொங்கியது:
காய்ந்த செவ்விளநீர்த் தோலின் நிறம்,
ஓரமெல்லாம் கரி.
முழங்காலுக்கு மேலே பறக்க
அதற்கு ஏனோ மனமில்லை.

போன வருஷம் கம்பிவேலி வந்தது.
அரிய இனமாம், உட்புகத் தடையாம்,
மூன்று மொழியில் பலகை.
பஸ்மியாவின் அறிக்கைதான் காரணம் என்றார்கள்.
கோபமில்லை.
வேப்பங்குச்சி விற்றுப்பார்த்தேன்,
"கசக்குது நானா" என்று திருப்பித் தந்தார்கள்.

உகா தலைக்குமேல் வளர்ந்தது.
கைபடாத இலை தடித்து
செருப்புத்தோல் ஆனது.
அனுமதிக் கடிதத்தோடு அவள் உள்ளே போய்
அஸர் வரைக்கும் இலை இலையாகத் திருப்பினாள்.
கொப்பியில் ஒரு பூச்சியம்.
அதை ஏன் அவ்வளவு அழுத்தி எழுதினாள்?

வேலிக்கு வந்து, கம்பிக்கு இந்தப்பக்கம் நின்ற என்னிடம்,
"முதல் எத்தனை நாளைக்கு ஒருக்கா வெட்டுவீங்க?"
சொன்னேன்.
"வெட்டின இடத்தில?"
"தளிர்தான். வேறென்ன வரும்."
அவள் தலை நிமிரவில்லை.
முட்டைகள் எல்லாம்
என் கத்தி போன வழியிலேயே
இருந்திருக்கின்றன.

கந்தோருக்கு எழுதியிருக்கிறாள்.
கோப்பு அம்பாறையில்,
கேட் சாவி வேறெங்கோ.

வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொப்பை
சென்ற மாதம் ஒடித்தேன்.
பல் துலக்கத்தான், வேறு நோக்கமில்லை.
இன்று சுபஹுக்குப் பிறகு போனால்
ஒடித்த இடத்தில் நாலு தளிர்,
ஒன்றின் அடியில் வெள்ளை வெள்ளையாக.

எண்ணவில்லை.
அது அவளுடைய வேலை.