நாற்காலி கிரீச்சிட்ட இடம்

கிராஃப்டனில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
ஆற்றின் மேல் ஆடை கட்டியிருக்கிறது,
ஆறிய பாலைப் போல.
கோப்பு எண் நாற்பத்தேழு. பாடியவர்: ஒஸெல்லா பிக்ஸ்பி.
தட்டில் 'ஓலா பிக்' என்று அச்சாகியிருக்கிறது.
அச்சுக் கோத்தவனுக்கு அன்று என்ன அவசரமோ.
ஆண்டு முப்பது. அதுவும் பென்சிலில்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

என் வேலை சத்தத்தை அகற்றுவது.
மணிக்கு முப்பத்திரண்டு டாலர்.
சடசடப்பு, கரகரப்பு, ஊசி குதிக்கும் டக்,
தொண்ணூறு வருஷமாக யார் யார் வீட்டு அலமாரியிலோ
யார் யார் நகமோ கீறிய கோடுகள்.
திரையில் பச்சை மலைத்தொடராக எழும் ஒலியிலிருந்து
ஒவ்வொரு முள்ளாக எடுக்கவேண்டும்,
கெண்டை மீன் தின்கிறவனின் பொறுமையோடு.

இந்தப் பக்கம் ஒரு நாற்காலி கம்பெனி இருந்தது.
நாற்காலி செய்தவர்கள் கிராமபோன் பெட்டி செய்தார்கள்.
பெட்டியை விற்க இசைத்தட்டு போட்டார்கள்.
இசைத்தட்டை நிரப்ப ஆள் தேடினார்கள்.
அவ்வளவுதான்.
மர வியாபாரத்தில் ஒரு கொசுறு, ப்ளூஸ்.

மிசிசிப்பியிலிருந்து ரயில்.
கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பெட்டி,
எஞ்சின் புகை முதலில் வந்து உட்காரும் இடம்.
இறங்கினால் சுவரெல்லாம் கம்பளி தொங்கும் ஓர் அறை.
விளக்கு எரிந்தால் பாடு. மங்கினால் முடி.
மூன்று நிமிடம். மெழுகில் அதற்குமேல் இடமில்லை.

ஒஸெல்லா ஒரு வரியைப் பாடுகிறாள்.
அதையே திரும்பப் பாடுகிறாள்,
முதல் தடவை யாரும் நம்பவில்லை என்று தெரிந்தவள்போல.
மூன்றாவது வரியில்தான் விஷயத்துக்கு வருகிறாள்:
வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரன்
கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவளுடைய காந்தாரத்தை மென்பொருள் சிவப்பில் வட்டமிடுகிறது.
சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே
படி இல்லாத இடத்தில் கால் வைத்து நிற்கிறாள்.
'பிழை. திருத்தவா?' என்று கேட்கிறது.
வேண்டாம் என்று அழுத்துகிறேன்.
'பிழை. திருத்தவா?' என்று கேட்கிறது.
வேண்டாம் என்று அழுத்துகிறேன்.
பிறகு கேள்வியையே அணைத்துவிட்டேன்.

தட்டு, அரக்கு.
பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகை இருக்கிறதே, அதே அரக்கு.
ஏதோ புரச மரத்தில் பூச்சி சுரந்தது
கல்கத்தாவில் கப்பலேறி,
களிமண்ணும் கரியும் சேர்த்து அரைபட்டு
இங்கே வந்து இவள் தொண்டையாகியிருக்கிறது.
கம்பெனி மலிவான கலவை போட்டதாம்.
புதுத் தட்டே வடை பொரிவதுபோல் கேட்குமாம்.
விற்காததை வேலையாட்கள் ஆற்றில் வீசி விளையாடினார்கள்
என்றொரு பேச்சு. முக்குளித்துத் தேடிப் பார்த்தவர்களும் உண்டு.
சேறுதான் அகப்பட்டது.

இரண்டு நிமிடம் பதினொன்றாவது நொடியில் ஒரு கிரீச்.
கீறல் என்றுதான் முதலில் குறித்தேன்.
கீறல் என்றால் அடுத்த சுற்றில் திரும்ப வரவேண்டும்.
வரவில்லை.
காது சூடாகும்வரை கேட்டேன்.
மரம்.
மரத்தோடு மரம் உரசுகிறது.
விளக்கு மங்குவதைப் பார்த்து முன்னால் சாய்ந்திருக்கிறாள்,
மூன்றாவது வரி இன்னும் பாக்கி.
அவசரமாகப் பாடிக் கடைசிச் சொல்லை விழுங்குகிறாள்.

படம் கிடையாது.
எவ்வளவு கொடுத்தார்கள் என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை.
பெயரையே பாதிதான் போட்டார்கள்.
அவள் எடை இருக்கிறது,
கால் நொடி நேரம்,
அவர்களே செய்த ஒரு நாற்காலியின் மேல்.

சாயங்காலம் மார்லிஸ் எட்டிப் பார்த்தாள்.
"பதினொன்றாவது நொடியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதே?"
"தெரியும்."
காதுக்கருவியை நீட்டினேன். நின்றபடியே கேட்டாள்.
ஒன்றும் சொல்லாமல்
தெர்மாஸை எடுத்துக்கொண்டு
கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டப் போனாள்.
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது அது.

நாற்பத்தெட்டைத் திறந்தேன்.
பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
வட்டமாக ஒரு காப்பிக் கறை.