ஆறு ரீஃபில்

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
பஸ் எஞ்சினை அணைத்ததும்
மடியில் பையை வைத்துத் திருத்த ஆரம்பித்தேன்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்.
அது முழுசாகக் கடப்பதற்குள்
நான்கு தாள், கைராசி இருந்தால் ஐந்து.

மொத்தம் நூற்று அறுபத்திரண்டு.
ஏழாம் வகுப்பு, மூன்று பிரிவு, கணக்கு.
ஒரு பருவத்துக்கு ஆறு சிவப்பு ரீஃபில்,
கடைக்காரர் கேட்காமலே எடுத்துத் தருவார்.

குக்கர் விசிலையும் மதிப்பெண்ணையும்
சேர்த்து எண்ணிய ஒரு ராத்திரி
தர்ஷிகாவுக்கு ஐந்துக்கு ஏழு போட்டுவிட்டேன்.
அவள் வந்து சொல்லவில்லை.
அவள் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.
தலைமையாசிரியரும் போட்டிருந்தார்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று
ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தது.
அபினேஷ் சைக்கிள் சீட்டைத் துடைத்தான்
இருபத்தெட்டு எடுத்த தாளால்.
'பகுதி சமமா என்று பார்'
நான் ஓரத்தில் எழுதிய வரி
கரைந்து சீட்டில் ஒட்டி
அவன் காற்சட்டையிலும் கொஞ்சம் ஏறியது.
அதுவரை
அந்த வரியை யாரும் அவ்வளவு நெருக்கமாக
எடுத்துக்கொண்டதில்லை.

வீட்டில் போன வருஷத்துத் தினக்காலண்டர்
கிழிக்க நேரமில்லாமல்
மார்ச்சோடு நின்றிருந்தது.
மறுநாள் அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.
மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில்
ஆளுக்கொரு நாள் கிழித்துக் கொடுத்தேன்.
பின்பக்கம் எழுதணும். ஒரே கேள்வி.
மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால்?

வாசலில் நின்று வாங்கினேன்.
அடுத்த வகுப்புக்கு நடப்பதற்குள்
மேஜையில் மூன்று குவியல்.
சரி, பதினான்கு.
வெற்றுத்தாளும் கிறுக்கலும், ஒன்பது.
மீதி முப்பத்தொரு பேர்
ஒருவரை ஒருவர் பார்க்காமலே
ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள்.

நின்றுவிட்டேன்.
முப்பத்தொரு பேருக்கு
முப்பத்தொரு தடவை
ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்,
பதினேழு வருஷம்,
அது என் பாடத்தில் விழுந்த ஓட்டை
என்று தெரியாமல்.

அடுத்த நாள் ஏழில் இரண்டைப் பலகையில் எழுதினேன்.
சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை.
வாயை மூடிக்கொண்டிருப்பது
திருத்துவதைவிடக் கஷ்டம்.
கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசியது.
அப்புறம் செங்கொடி எழுந்தாள்.
"மூணுல ஒன்னுன்னா ஆறுல ரெண்டு.
ஏழுல ரெண்டு அதவிடக் கம்மி, டீச்சர்.
மூணுல ஒரு பங்கு பாஞ்ச வயலு
இன்னும் கால்வாசி பாஞ்சதும்
காஞ்சா போகும்?"

சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
ரிஃபாயா கையை நீட்டினாள்,
"என் சீட்ட குடுங்க டீச்சர்."
மதிப்பெண் போட்ட எந்தத் தாளையும்
இப்படி யாரும் திரும்பக் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் பதிவேடு கேட்டார்.
சீட்டுக்கட்டைக் காட்டினேன்.
ஒவ்வொன்றாய்ப் புரட்டினார்:
வியாழன், அஷ்டமி, ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று.
"நல்ல நாள் பாத்து டெஸ்ட் வைக்கிறீங்களோ?"
"பின்பக்கம் பாருங்க சார்."
பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"இதுக்கு மார்க் எங்க?"
இல்லை என்றேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று அவருக்கும் தெரியவில்லை.

அரையாண்டு வந்தது.
தாள் நூற்று அறுபத்திரண்டுதான்,
அதை யாரும் குறைக்கப்போவதில்லை.
தர்ஷிகா இன்னும் ஏழில் இரண்டிலேயே நிற்கிறாள்,
அவளுக்கு மட்டும் பத்து வரி எழுதினேன்,
பத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.
மற்றவர்களுக்கு ஒரு கோடு:
தப்பு எங்கே என்று கண்டுபிடி.
சிலர் கண்டுபிடித்தார்கள்.
நான்காவது ரீஃபிலில் பாதி மிச்சம்.

இன்றைக்கும் கேட் போட்டிருக்கிறது.
பை மடியில். ஜிப்பைத் திறக்கவில்லை.
வேகன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா,
நடுவில் ஒரு கொக்கைப் பார்த்ததில்
விட்டுப்போச்சு.